2147483647 பகா எண் என்பதைக் கையாலேயே காட்ட முடியுமா?

கேள்வி இது: "கணினியில் 32 பிட் முழு எண்ணின் உச்ச அளவு 2147483647. அது பகா எண் என்று படித்தேன். அப்படி அமைந்தது தற்செயலா? கணினி இல்லாத காலத்தில் இவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சோதித்தார்கள்? பகா எண்ணாக இருப்பதால் அதற்கு ஏதாவது பயன் உண்டா?"

முதல் கேள்விக்குப் பதில்: ஆம், தற்செயல்தான். 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்களில், ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. அத்தனையிலும் 1 போட்டால் கிடைப்பது 2³¹ − 1, அதாவது 2147483647. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கணினியை வடிவமைத்தவர்கள் பகா எண்ணைத் தேடிப் போகவில்லை. எட்டின் மடங்குகளில் பிட்டுகளை அடுக்கினார்கள், அது அப்படி வந்து விழுந்தது.

பக்கத்து அளவுகளைப் பார்த்தால் இது தெரியும். 8 பிட்டின் உச்சம் 127, பகா எண். 16 பிட்டின் உச்சம் 32767. அது 7 × 31 × 151. 64 பிட்டின் உச்சம் 9223372036854775807, அதை 7 வகுத்துவிடும். குறி இல்லாத 32 பிட்டின் உச்சமான 4294967295-ஐ உடைத்தால் 3 × 5 × 17 × 257 × 65537.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 999999 என்ற எண்ணை 999 வகுக்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆறு ஒன்பதுகளை மூன்று மூன்றாகப் பிரிக்க முடிகிறதே, அதனால். 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும முறையில் 32767 என்பது பதினைந்து ஒன்றுகள். அவற்றை மூன்று மூன்றாகப் பிரித்தால் ஐந்து கட்டு. ஒவ்வொரு கட்டும் 111, அதாவது 7. எனவே 7 அதை வகுக்கும். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 11111, அதாவது 31. அதுவும் வகுக்கும். 63 ஒன்றுகளையும் மூன்று மூன்றாகப் பிரிக்கலாம். 31 ஒன்றுகளை அப்படிச் சமமாகப் பிரிக்க வழியில்லை, ஏனென்றால் 31 பகா எண். ஆகவே 2-க்கு மேலே ஏற்றும் அடுக்கு (இங்கே 31) பகா எண்ணாக இருந்தால்தான், அப்படிக் கிடைத்ததைவிட 1 குறைந்த எண் பகா எண்ணாக இருக்க வாய்ப்பே உண்டு.

வாய்ப்பு என்று சொன்னதைக் கவனியுங்கள். 11 பகா எண், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருப்பது உள்ளே நுழைய அனுமதி மட்டும்தான். மிச்சத்தைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சோதனையின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2147483647-ன் வர்க்கமூலம் 46340-ஐ ஒட்டி வரும். ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீரும். எனவே பள்ளியில் சொல்லிக்கொடுத்த வழியில் போனால் 46340 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை மொத்தம் 4792. பத்து இலக்க எண்ணை 4792 முறை வகுப்பது மனிதனால் முடியாத காரியமல்ல. ஆனால் எங்கோ ஓரிடத்தில் கை தவறினால் மொத்தமும் வீண், தவறியதே தெரியவும் தெரியாது.

இத்தாலியக் கணிதர் கட்டால்டி 1588-ல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று வகுத்துப் பார்த்தே நிறுவினார். அவரிடம் 750 வரையிலான பகா எண்களின் பட்டியல் இருந்தது. 2¹⁹ − 1-ன் வர்க்கமூலம் 724 என்பதால் பட்டியல் போதுமானதாக இருந்தது. பிறகு 1603-ல் அச்சான நூலில் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் இப்படியே பகா எண் வரும் என்று எழுதினார். இதில் 31 மட்டும் சரி. 2²³ − 1-ஐ 47 வகுக்கும், 2²⁹ − 1-ஐ 233 வகுக்கும், 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும். விடை சரியாக அமைந்துவிட்டது, நிறுவல் இல்லை. அதனால் 2³¹ − 1-ஐக் கண்டுபிடித்த பெருமையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. 1644-ல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. அந்தப் பட்டியலில் 67, 257 என்ற இரண்டு தவறுகளும், 61, 89, 107 என்ற மூன்று விடுபடல்களும் இருந்தன. ஆனாலும் இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மேலே சொன்ன மூன்று காரணிகளையும் மறுபடி பாருங்கள். 47 = 2 × 23 + 1. 233 = 8 × 29 + 1. 223 = 6 × 37 + 1. ஒவ்வொன்றும் அதனதன் அடுக்கின் இரட்டைப்படை மடங்குடன் 1 கூட்டியது. 1640-ல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா இதைக் கண்டுகொண்டார். இது ஏன் உண்மை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம்.

க என்ற ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1-ல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தடவையும் க-வால் வகுத்து மீதியை மட்டும் கையில் வையுங்கள். 31-வது இரட்டிப்பில் கட்டாயம் மறுபடி 1 வரும், ஏனென்றால் 2³¹-லிருந்து 1 போனால் க வகுக்கிறது. அதற்கு முன்பே எங்காவது 1 வந்திருக்குமா? வந்திருந்தால் அந்தச் சுற்றின் நீளம் 31-ஐ மிச்சமின்றி வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அந்த நீளம் 1-ஆகத்தான் இருக்க முடியும். ஒரே இரட்டிப்பில் 1 வர வேண்டுமென்றால் 2-ம் 1-ம் ஒரே மீதி என்றாகிவிடும், அது நடக்காது. ஆக, சுற்றின் நீளம் சரியாக 31. மறுபக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றம் சொல்வது: க − 1 தடவை இரட்டித்தால் நிச்சயம் 1-ல் வந்து நிற்போம். 31 படிக்கு ஒருமுறைதான் 1 வருகிறது, க − 1 படியிலும் 1 வருகிறது. எனவே க − 1 என்பது 31-ன் மடங்கு. க ஒற்றைப்படை என்பதால் க − 1 இரட்டைப்படை. முடிவாக, க − 1 என்பது 62-ன் மடங்கு.

இந்த ஒரே வடிகட்டலில் 63, 125, 187, 249, 311 என்று 62 இடைவெளியில் நிற்கும் எண்கள் மட்டும் மிஞ்சும். 2³¹ − 1 பகா எண் என்று கடைசியில் நிறுவிய சுவிஸ் கணிதர் ஆய்லர் இதோடு நிற்கவில்லை, இரண்டாவது சல்லடை ஒன்றையும் வைத்தார். 2³¹-ன் மீதி 1 என்றால் 2³²-ன் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-ன் வர்க்கம். அதாவது க-வின் உலகத்தில் (க-வால் வகுத்த மீதிகளை மட்டும் பார்க்கும்போது) 2 என்பது ஒரு முழு வர்க்கம். 2 வர்க்கமாக அமையும் ஒற்றைப்படைப் பகா எண்களை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இது எண்கணிதத்தின் அழகான தேற்றங்களில் ஒன்று. 62-ன் நிபந்தனையையும் 8-ன் நிபந்தனையையும் ஒன்றாக வைத்தால், க-வை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆக இருக்க வேண்டும்.

46340-க்குள் இப்படிப்பட்ட எண்கள் எத்தனை? மீதி 1 உள்ளவை 249-ல் தொடங்கி 186. மீதி 63 உள்ளவை, 63-ஐயும் சேர்த்து, 187. மொத்தம் 373. இவற்றில் பெரும்பாலானவை பகு எண்களே. 249-ஐ 3 வகுக்கும், 497-ஐ 7 வகுக்கும், 559 என்பது 13 × 43. பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் சராசரிக் கணக்கில் எண்பதையொட்டித்தான் தேறும். 4792 எங்கே, எண்பது சொச்சம் எங்கே!

இந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிய ஒன்றையாவது காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் நிற்கும் பகா எண் 311. பத்து இலக்க எண்ணை அதனால் வகுக்கவே தேவையில்லை, மீதிகளை வைத்தே நடக்கலாம். 2⁸ = 256. அதை வர்க்கப்படுத்தினால் 65536. 311-ஆல் வகுக்க மீதி 226. இது 2¹⁶-ன் மீதி. 2¹⁵ = 32768, மீதி 113. இரண்டையும் பெருக்கினால் 25538. அதில் 311 × 82 = 25502 போக, மீதி 36. இதுதான் 2³¹-ன் மீதி. 311 காரணியாக இருந்திருந்தால் இங்கே 1 வந்திருக்க வேண்டும், வந்ததோ 36. எனவே 311 வெளியே. அடுத்தது 1303. 2¹⁰-ஐ 1024 என்று வைப்பதைவிட −279 என்று வைத்தால் கணக்கு சிறுக்கும். அதன் வர்க்கம் 77841, மீதி 964, அதாவது −339. அதை −279-ஆல் பெருக்கினால் 94581, மீதி 765. இரட்டித்தால் 1530, மீதி 227. இதுவும் 1 இல்லை. அதற்கடுத்த 1489-க்கு இதே வழியில் போனால் 200 வரும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. பழகிவிட்டால் ஒரு நாள் மாலையில் பத்துப் பதினைந்து போட்டுவிடலாம். ஒரு வாரத்தில் 2147483647 பகா எண் என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே நிறுவல் இருக்கும். உங்கள் இரண்டாவது கேள்வியில் இருந்த வியப்புக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. நேரம் கிடைத்தால் செய்து பாருங்கள்.

ஆய்லர் இதைத் தெரிவித்தது 1772-ல், பெர்னூலி குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1752-ல், கோல்ட்பாக் என்ற கணிதருக்கு எழுதியபோது இந்த எண்ணைப் பற்றி அவருக்கே உறுதியில்லை. 1772-ல் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். ஒரு கண் பார்வை எப்போதோ போய்விட்டது. மறு கண்ணில் புரை விழுந்து, 1771-ல் அறுவை செய்தும் பார்வை தங்கவில்லை. அதே ஆண்டு ஊரில் பற்றிய பெருந்தீயில் வீடும் எரிந்துபோனது. உடனிருந்தவர்களை எழுதச் சொல்லித்தான் தன் ஆராய்ச்சிகளை வெளியிட்டுவந்தார். மேலே 311-க்கு நாம் போட்ட கணக்கை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் செய்வதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சல்லடைகளின் அருமை புரியும். வேலை இந்த அளவுக்குக் குறுகியிருக்காவிட்டால் அதைத் தொட்டே இருக்க முடியாது.

அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுவாகவே இருந்தது. இதோடு சேர்ந்தது ஒரு நிறைவெண். தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண்ணை அப்படிச் சொல்வார்கள். 6 = 1 + 2 + 3 போல. 2³¹ − 1-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. எட்டாவது நிறைவெண் இது. 1811-ல் ஆங்கிலேயர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண் இனிக் கண்டுபிடிக்கப்படாது, வேடிக்கையே தவிரப் பயனில்லாத ஒன்றை யாரும் தேடப்போவதில்லை என்று எழுதினார். 1876-ல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண்ணைப் பகா எண் என்று காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 41024320 இலக்கங்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் தன்னோடு ஒரு நிறைவெண்ணைக் கூட்டிவரும். பார்லோ சொன்ன "பயனில்லை" என்பதும் நிற்கவில்லை. அதற்குக் கீழே வருகிறேன்.

லூக்காவின் வழியைப் பின்னால் லேமர் என்ற அமெரிக்கர் சீராக்கினார். காரணியைத் தேடாமலேயே பகா எண்தானா என்று சொல்லும் வழி அது. 4-ல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அடுக்கு எவ்வளவோ அதைவிட 2 குறைவான தடவை இதைச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. சின்ன எண்ணில் காட்டுகிறேன்: 2⁵ − 1 = 31. மூன்று தடவை செய்ய வேண்டும். 4-லிருந்து 14. 14-லிருந்து 194, மீதி 8. 8-லிருந்து 62, அது 31-ன் இரு மடங்கு, மீதி 0. முடிந்தது. 2147483647-க்கு 29 தடவை. முதல் நான்கு படிகள் 14, 194, 37634, 1416317954 என்று வகுக்க அவசியமில்லாமலே போகும், ஐந்தாவதிலிருந்துதான் வேலை. முடிவுக்கு முந்தின படியில் நிற்க வேண்டியது 65536 அல்லது அதன் கழித்தல் பக்கம். ஏன்? அதன் வர்க்கம் 2³², மீதி 2, அதிலிருந்து 2 போனால் 0. ஆய்லரின் இரண்டாவது சல்லடையில் பார்த்த அதே 65536-தான்! இந்த எண்ணில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இது எதிர்ப்படும்.

இனிப் பயனுக்கு வருவோம். இந்த எண்ணின் குணங்கள் எல்லாவற்றுக்கும் அடி ஒன்றே: அது 2³¹-க்குச் சரியாக ஒன்று குறைவு. அதன் உலகத்தில் 2³¹ என்பதும் 1 என்பதும் ஒன்றே.

9-ஆல் வகுத்த மீதியை அறிய இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று சின்ன வயதில் படித்திருப்போம். 10-க்கு 9 ஒன்று குறைவு என்பதுதான் காரணம். இங்கும் அதுவே நடக்கிறது. பெரிய எண்ணொன்றை 2147483647-ஆல் வகுத்த மீதி வேண்டுமா? இரும முறையில் அதைக் கடைசி 31 பிட்டாகவும் மிச்சமாகவும் வெட்டிக் கூட்டிவிடுங்கள். வகுத்தலே இல்லை. 4747561509943-ஐ எடுத்துக்கொள்வோம், இது 7¹⁵. இதில் 2³¹ எத்தனை தடவை போகும்? 2210 தடவை, எஞ்சுவது 1622647863. இரண்டையும் கூட்டினால் 1622650073. அதுதான் மீதி. கணினிக்கு வெட்டுவதும் கூட்டுவதும் நொடிப்பொழுது வேலை, வகுத்தல்தான் சுமை. அந்தச் சுமை இங்கே முழுதாக இறங்கிவிடுகிறது.

மேலே 7¹⁵-ஐ எடுத்தது சும்மா அல்ல. 1969-ல் லூயிஸ், குட்மன், மில்லர் என்ற மூவர் ஐபிஎம் 360 கணினிக்காக ஒரு சமவாய்ப்பு எண் முறையை, அதாவது குலுக்கிப் போட்டதுபோல் தோன்றும் எண்களை வரிசையாகத் தரும் முறையை, வெளியிட்டார்கள். கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்த மீதியை எடு. அவ்வளவுதான் முறை. 16807 என்பது 7⁵. 1-ல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658, 1144108930 என்று போகும். மூன்றாவது எண்தான் சற்றுமுன் நாம் வெட்டிக் கூட்டிப் பெற்றது. 1988-ல் பார்க்கும் மில்லரும், எந்தச் சமவாய்ப்பு முறையும் குறைந்தபட்சம் இந்தத் தரத்திலாவது இருக்க வேண்டும் என்று இதையே முன்வைத்தார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. நிரல் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு அடையாளமும் உண்டு: 1-ல் தொடங்கினால் பத்தாயிரமாவது எண் 1043618065 வர வேண்டும்.

இங்கே பகா எண் என்பது உண்மையிலேயே வேலை செய்கிறது. பகா எண்ணின் உலகத்தில் பூச்சியம் அல்லாத இரண்டைப் பெருக்கினால் பூச்சியம் வரவே வராது, ஆகவே தொடர் ஒருநாளும் 0-வில் விழுந்து செத்துப்போகாது. இன்னொன்று, 7-ன் அடுக்குகளை எடுத்துக்கொண்டே போனால் 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணும் சரியாக ஒரு தடவை வந்த பிறகே மறுபடி 1 வரும். அப்படிச் சுற்றி வரும் எண்களில் மிகச் சிறியது 7. 2-க்கு அந்தச் சக்தி இல்லை, அது 31 படியிலேயே திரும்பிவிடுகிறது. 7 முழுச் சுற்றும் வருகிறதா என்று பார்க்க 2147483646-ஐக் காரணிப்படுத்த வேண்டும்: 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. முழு எண்ணை இந்த ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றாலும் வகுத்து, அந்த ஈவை 7-க்கு அடுக்காக ஏற்றி, எதிலும் 1 வரவில்லை என்று கண்டால் போதும். 5 இந்தப் பட்டியலில் இல்லை என்பதால் 7⁵ ஆகிய 16807-ம் முழுச் சுற்று வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஐபிஎம் கணினிகளில் ஒரு காலத்தில் பரவலாக ஓடிய ராண்டு என்ற முறை இருக்கிறது. அது 65539-ஆல் பெருக்கி 2³¹-ஆல் வகுத்தது. வகுக்கும் எண்ணில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் 2³¹ பகா எண் அல்ல. ஒற்றைப்படையில் தொடங்கினால் வரும் எல்லா எண்ணும் ஒற்றைப்படை, கடைசி பிட் அசையவே அசையாது. இதைவிட மோசம், மூன்று மூன்றாக எடுத்து இடவெளியில் புள்ளி வைத்தால் எல்லாம் வெறும் 15 தளங்களில் அடுக்கி நிற்கும். அந்தத் தளக் குறைக்குப் பொறுப்பு 65539 என்ற பெருக்கியுடையது, கடைசி பிட்டின் குறைக்குப் பொறுப்பு 2³¹-உடையது. ராண்டு முறையை நம்பிச் செய்த கணக்குகள் எத்தனையோ. அதற்காக 16807 முறையை இன்று முக்கியமான வேலைக்குப் பயன்படுத்தச் சொல்லமாட்டேன். 214 கோடி என்பது இன்றைய கணினிக்குச் சில நொடிகளில் தீர்ந்துபோகும் சுற்று. கடவுச்சொல், குறியாக்கம் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. ஒரு எண்ணைப் பார்த்தாலே அடுத்தது தெரிந்துவிடும்.

வர்க்கமூலம் எடுப்பதும் இங்கே எளிது. ஓர் எண்ணுக்கு இந்த உலகத்தில் வர்க்கமூலம் இருந்தால், அந்த எண்ணையே 29 தடவை வர்க்கப்படுத்திக்கொண்டு போங்கள், மூலம் வந்து நிற்கும். முன்னால் போகப் போக மூலத்துக்குத் திரும்புவது விசித்திரமாகத் தோன்றும். பகா எண்ணோடு 1 கூட்டி 4-ஆல் வகுத்ததை அடுக்காக ஏற்றினால் மூலம் வரும் என்பது பொது விதி. இங்கே 1 கூட்டினால் 2³¹, நான்கால் வகுத்தால் 2²⁹. அதனால்தான் வெறும் வர்க்கப்படுத்தலிலேயே வேலை முடிகிறது.

2038 ஜனவரி 19 பற்றியும் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி. 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணும் பழைய 32 பிட் கடிகாரங்கள் அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு 2147483647-ஐத் தொடும், அடுத்த நொடியில் நிரம்பி வழியும். இது பிட்டுகளின் பிரச்சினை. பகா எண் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அக்கம்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். இது 105097565-ஆவது பகா எண். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இரண்டு தள்ளி மேலே உள்ள 2147483649-ஐ 3 வகுக்கும், ஈவு 715827883. அந்த ஈவும் பகா எண். இரண்டு தள்ளிக் கீழே உள்ளது 5 × 19 × 22605091. எனவே இதற்கு இரட்டைப் பகா எண் துணை கிடையாது. மேல் பக்கம் எப்போதும் கிடைக்காது: ஒற்றைப்படை அடுக்குக்கு 2-ன் அடுக்கோடு 1 கூட்டினால் 3 வகுத்தே தீரும். 4-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவும் இதை எழுத முடியாது.

31 என்பதே 2⁵ − 1. அதாவது மெர்சென் பகா எண்ணை அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண் இது. 7, 127, 2³¹ − 1, 2¹²⁷ − 1 என்று இந்த வகையில் நான்குதான் இதுவரை தெரியும். அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? 2²¹⁴⁷⁴⁸³⁶⁴⁷ − 1. இதற்கு 646456993 இலக்கங்கள், 64 கோடிக்கு மேல். லூக்கா வழியில் போனால் 214 கோடிக்கும் மேற்பட்ட படிகள், ஒவ்வொரு படியிலும் 64 கோடி இலக்க எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். ஆனால் ஆய்லர் கையாண்ட அதே சல்லடை இங்கும் பொருந்தும்: இதற்குக் காரணி இருந்தால் அது 2147483647-ன் இரட்டைப்படை மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. அப்படித் தேடியபோது ஒரு காரணி அகப்பட்டது: 295257526626031. இது 2 × 68745 × 2147483647 + 1. 8-ஆல் வகுத்தால் மீதி 7.

இதை நீங்களே சரிபார்க்கலாம். அடுக்கோடு 1 கூட்டினால் 2³¹. 2-ன் அடுக்காக 2³¹ வேண்டுமென்றால் 2-ல் தொடங்கி 31 தடவை வர்க்கப்படுத்தினால் போதும். ஒவ்வொரு தடவையும் 295257526626031-ஆல் வகுத்து மீதியை மட்டும் வையுங்கள். பெரிய முழு எண்களைத் தாங்கும் எந்த நிரல் மொழியிலும் மூன்று வரி. 31-வது வர்க்கத்தில் மீதி 2 வந்தால், 64 கோடி இலக்க எண் பகா எண் அல்ல என்பதை ஒரு நொடிக்குள் காட்டிவிட்டீர்கள்.